போதைக்காளான் தந்த பேரொருமை உணர்வும் காவடியில் வரும் அருளும் ஒன்றா? உளவியல் என்ன சொல்கிறது?

ரோஸ்ஹில் தமிழாசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உளவியல் கற்றவர்களும் சமயநெறியில் ஊறியவர்களும் இக்குழுவில் இருப்பதால் என் மனத்தை அலைக்கழிக்கும் கேள்வி ஒன்றை இங்கே வைக்கிறேன்.

என் தங்கை மகன் நெதர்லாந்தில் படிக்கிறான். அந்நாடு 2008-ஆம் ஆண்டு போதைக்காளான்களைத் தடை செய்தபோது, மயக்கம் தரும் அதே சைலோசைபின் என்னும் பொருள் அடங்கிய, மண்ணுக்கடியில் முடிச்சு முடிச்சாக விளையும் பகுதியைத் தடைப்பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டதால், அது அங்குள்ள கடைகளில் வெளிப்படையாகக் கிடைக்கிறதாம். நண்பர்களுடன் சேர்ந்து அதை உட்கொண்ட அவன், சில மணி நேரம் தான் என்னும் எல்லையே கரைந்துபோனதாகவும், தானும் மரமும் வானமும் நண்பர்களும் ஒரே பொருள் என்பதை அறிந்ததாகவும் எனக்கு நீண்ட மடல் எழுதியிருக்கிறான். இவ்வளவு உறுதியாகத் தன் வாழ்நாளில் வேறு எதையும் அறிந்ததில்லை என்கிறான். தைப்பூசத்தன்று நம் மொரிசியஸ் தீவின் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பவர்கள் அடைவதும், சித்தர்கள் பாடியதும் இதே அனுபவம்தான் என்றும், நாம் விரதமிருந்து வருந்திப் பெறுவதைத் தான் எளிதாகப் பெற்றுவிட்டதாகவும் அவன் சொல்வதுதான் என்னை உறுத்துகிறது.

அவனைக் கடிந்துகொள்ள நான் விரும்பவில்லை. கடிந்துகொண்டால் அடுத்த முறை என்னிடம் சொல்ல மாட்டான். நம் தீவில் 'சிமிக்' என்னும் செயற்கைப் பொருளால் எத்தனையோ பிள்ளைகள் சீரழிந்ததைக் கண்டிருக்கிறோம். அவன் சொல்வது அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பது எனக்குப் புரிகிறது. புரியாதவை இரண்டு: அந்த அசைக்க முடியாத உறுதி எங்கிருந்து வருகிறது? மருந்தால் வந்த அனுபவமும் வழிபாட்டால் வந்த அனுபவமும் உள்ளத்தளவில் ஒன்றேதானா?

ரெதுயி உளவியல் மாணவர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் பிள்ளை பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் விவரிப்பது ஆய்வுக்கூடங்களில் மீண்டும் மீண்டும் பதிவான அனுபவமே.

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் இத்தகைய அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்களைக் குறித்தார்: சொல்லில் அடங்காமை, ஏதோ ஓர் உண்மையை நேரே அறிந்துவிட்டோம் என்னும் தெளிவு, நெடுநேரம் நீடிக்காமை, நம் முயற்சியின்றித் தானே வந்து ஆட்கொள்ளுதல். நீங்கள் கேட்கும் 'உறுதி' இந்த இரண்டாவது அடையாளம். ஜேம்ஸ் தாமே நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து பார்த்தவர். அந்த மயக்கத்தில் பேருண்மையாகத் தோன்றியவற்றை அப்போதே எழுதிவைத்தார். தெளிந்தபின் படித்தால் அவ்வரிகள் பொருளற்ற பிதற்றலாக இருந்தன. ஆயினும் அவர் அனுபவத்தையே புறந்தள்ளிவிடவில்லை. நாம் நாளும் வாழும் விழிப்புநிலை, நனவின் பல வகைகளுள் ஒன்று மட்டுமே என்னும் முடிவுக்கு அவர் வந்தது அதன் வழியாகத்தான்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1962-ஆம் ஆண்டின் புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் வால்டர் பான்கி ஒரு சோதனையை நடத்தினார். இறையியல் பயிலும் 20 மாணவர்களுள் பத்துப் பேருக்குச் சைலோசைபினும், எஞ்சியவர்களுக்கு உடலில் சூட்டையும் சிவப்பையும் மட்டும் உண்டாக்கும் நிக்கோட்டினிக் அமிலமும் தரப்பட்டன. யாருக்கு எது என்பதை மறைத்திருந்தும், சற்று நேரத்திலேயே அங்கிருந்தோர்க்கு அது விளங்கிவிட்டது. இத்துறையின் ஆய்வுகளை இன்றுவரை விடாத சிக்கல் அது. ரிக் டாப்ளின் 1991-இல் வெளியிட்ட தொடராய்வின்படி, மருந்து பெற்றவர்கள் கால் நூற்றாண்டு கடந்தபின்னும் அந்நாளை மெய்யான சமய அனுபவமாகவே போற்றினர். ஆனால் ஒருவர் நிலைகுலைந்து போனதால் அவருக்கு அமைதிப்படுத்தும் ஊசி போட நேர்ந்ததைப் பான்கி தம் அறிக்கையில் குறிப்பிடாமல் விட்டிருந்தார் என்பதும் அத்தொடராய்வால்தான் வெளிவந்தது. இத்துறையைப் பற்றி எழுதுவோர் முதற்செய்தியை விரித்துரைத்து இரண்டாம் செய்தியை மறந்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு இன்னும் கட்டுக்கோப்பானது. அதில் பங்கேற்ற 36 பேருள் 22 பேர் 'முழுமையான' மறைஞான அனுபவம் (எல்லாம் ஒன்றே என நேரே உணரும் அனுபவம்) என்று ஆய்வாளர்கள் வகுத்த அளவை எட்டினர். மூன்றில் இரு பங்கினர் அதைத் தம் வாழ்வின் மிகப் பொருள் நிறைந்த ஐந்து நிகழ்வுகளுள் ஒன்றாகவோ முதன்மையானதாகவோ வைத்தனர். அதே ஆய்வில், முன்கூட்டியே பழகிய வழிகாட்டிகள் அருகில் அமர்ந்திருந்தும், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடும் அச்சத்துக்கும் ஆளாயினர். பங்கேற்றவர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் சமய, ஆன்மிக ஈடுபாடு உடையவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விளைந்த பயிரில் விதைக்கும் பங்குண்டு.

மூளையில் நடப்பது ஓரளவு தெரியும். உடலுக்குள் சைலோசைபின் சைலோசினாக மாறி, நரம்பணுக்களில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் 2ஏ ஏற்பிகளைத் தூண்டுகிறது; அந்த ஏற்பிகளைக் கெட்டான்செரின் என்னும் மருந்தால் முன்னரே அடைத்துவிட்டால் மனமாற்றம் எழுவதில்லை என்பதைச் சூரிச் ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். தன்னைப் பற்றிய நினைவோட்டத்தில் ஈடுபடும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு அப்போது தணிவதை 2012-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 'நான்' என்பதைத் தாங்கும் அந்தப் பின்னல் தளரும்போது எல்லை மறைந்ததாகத் தோன்றுகிறது என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு இது பாதி விளக்கமாகவே படுகிறது. எல்லை ஏன் மறைகிறது என்பதை இது சொல்லலாம். அந்த மறைவு ஏன் புனிதமாகவும் பேருண்மையாகவும் உணரப்படுகிறது என்பதைச் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் உங்கள் முதற்கேள்விக்கு விடை தேட வேண்டும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்துகள் இடம்மாறிய ஒரு சொல்லை உள்ளே வைத்துச் சில வாக்கியங்களைக் கொடுத்து, அவை உண்மையா என்று கேட்டார்கள். அச்சொல்லைக் கண்டுபிடித்த கணத்தில் 'ஆகா!' என்னும் பளிச்சீடு யாருக்கு உண்டானதோ, அவர்கள் அந்த வாக்கியத்தையே கூடுதலாக நம்பினார்கள். சொற்புதிருக்கு விடை கண்ட மகிழ்ச்சிக்கும் வாக்கியத்தின் உண்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'அறிந்துவிட்டேன்' என்பது தனித்து நிற்கக்கூடிய ஓர் உணர்வு. அது எழும்போது எது அருகில் இருக்கிறதோ அதன்மேல் படிந்துவிடும். மருந்து அவ்வுணர்வைப் பன்மடங்காகப் பெருக்குகிறது என்று கொள்வதற்கு நல்ல காரணம் உண்டு. ஆகவே, அவனது உறுதி அனுபவத்தின் ஆழத்துக்குச் சான்றே தவிர, உலகம் உண்மையில் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. உலகம் ஒன்றல்ல என்பதற்கும் அது சான்றாகாது. இங்கே உளவியல் நின்றுவிட வேண்டும்.

கார்த் போர்ன் காவடி அடியவர் எழுதியது:

தம்பி விளக்கமாக எழுதியிருக்கிறார். நான் படித்தவன் அல்லன். பல ஆண்டுகளாகக் காவடி எடுப்பவன் என்னும் முறையில் மட்டும் சொல்கிறேன்.

ஆசிரியை அம்மாவின் பிள்ளை கூறுவதைப் படித்தபோது, அது எனக்கு நேர்ந்ததன்று என்று உடனே தோன்றியது. கொடியேற்றம் முதல் புலால் நீக்கி, தரையில் படுத்து, நாள்தோறும் கோயிலில் கூடிப் பாடி, பூசத்தன்று அலகு குத்தி நடக்கும்போது, நான் எல்லாவற்றோடும் கலந்துபோனதாக ஒருபோதும் உணர்ந்ததில்லை. முருகன் பெரியவன், நான் சிறியவன் என்பது அன்றுதான் எனக்கு மிகத் தெளிவாகத் தெரியும். வெயிலில் சுடும் தார்ச்சாலையும், தண்ணீர் ஊற்றும் அண்டை வீட்டாரும், பின்னால் நடந்துவரும் என் பிள்ளைகளும் எல்லாம் தனித்தனியாகவே இருக்கிறார்கள். ஆனால் என் உடலை நடத்துபவன் நான் அல்லன். அருள் மிகுந்து ஆடியவர்களுக்கோ பின்னர் பாதி நினைவே இருப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது என்றால், அதுவே ஒரு வேறுபாடு அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வருந்திப் பெறுவதை எளிதாகப் பெற்றேன்' என்று அவன் சொல்வதில், நாங்கள் ஏதோ ஓர் அனுபவத்தைப் பெறுவதற்காகவே நடக்கிறோம் என்னும் எண்ணம் இருக்கிறது. நான் முதன்முதலில் காவடி எடுத்தது என் மனைவி நோயிலிருந்து எழுந்ததற்காக. சில ஆண்டுகளில் எந்தச் சிலிர்ப்பும் வராமல், கால்வலி மட்டுமே மிஞ்சியதுண்டு. அந்த ஆண்டுகளிலும் நேர்த்திக்கடன் நிறைவேறியது. அனுபவம் வரவில்லை என்பதற்காகக் கடன் தீரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மோக்கா சைவ மாணவி எழுதியது:

அண்ணா சொன்னதில் இத்துறை அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

டபிள்யூ. டி. ஸ்டேஸ் என்னும் மெய்யியலறிஞர் 1960-இல், எல்லாச் சமயங்களின் மறைஞானிகளும் அடையும் அனுபவத்தின் உட்கரு ஒன்றே, அது வேறுபாடற்ற ஒருமை என்றார். அனுபவங்கள் இரண்டும் ஒத்திருந்தால், ஒன்று தவத்தால் வந்தது, மற்றது மருந்தால் வந்தது என்பதைக் காரணம் காட்டி அவற்றைப் பிரிக்கக் கூடாது என்றும் வாதிட்டார். பான்கியின் வினாப்பட்டியல் அவருடைய பாகுபாட்டைத் தழுவியது. இன்று பரவலாகப் பயன்படும், 30 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட பட்டியலும் அதன் வழிவந்ததே. ஒருமை உணர்வும் புனித உணர்வும், மகிழ்ச்சி, காலமும் இடமும் கடந்த நிலை, சொல்லொணாமை என்னும் நான்கு பகுதிகளிலும் குறைந்தது 60 விழுக்காடு பெற்றால்தான் அனுபவம் 'முழுமையானது' எனப்படும். கார்த் போர்ன் அண்ணா அந்தப் பட்டியலை நிரப்பினால் அவர் தேற மாட்டார். அவருடைய அனுபவம் குறைவுடையது என்பதன்று காரணம். ஆண்டானையும் அடிமையையும் பிரித்துக் காணும் பக்தியை அளப்பதற்காக அக்கோல் செய்யப்படவில்லை. எல்லாரும் ஒரே அனுபவத்தை அடைகிறார்கள் என்னும் முடிவு அளவுகோலுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தால், அளந்தபின் அதுவே வெளிவருவதில் வியப்பில்லை.

ஆர். சி. செய்னர் 1957-இலேயே இதை எதிர்த்தார். மெஸ்கலின் என்னும் மனமயக்கப் பொருளைத் தாமே உட்கொண்டு பார்த்த அவர், இயற்கையோடு ஒன்றும் உணர்வு, ஆன்மா தன்னிலே தனித்து நிற்றல், இறைவனிடம் அன்பால் இணைதல் ஆகியவை வெவ்வேறானவை என்றும், மருந்து தருவது கடைசி வகையைச் சேர்ந்ததன்று என்றும் எழுதினார். ஸ்டீவன் காட்ஸ் 1978-இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, மரபும் பயிற்சியும் எதிர்பார்ப்பும் கலவாத தூய அனுபவம் என்பதே கிடையாது என்றார். செய்னரின் வாதத்தில் அவருடைய கத்தோலிக்கச் சார்பு சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது. காட்ஸின் நிலைப்பாடு எனக்கு ஏற்புடையது. ஆனால் எந்த எதிர்பார்ப்பும் இல்லாதவர்களுக்கும் சில வேளைகளில் இவ்வுணர்வு திடீரென வருவதை அவரால் முழுமையாக விளக்க முடியவில்லை என்றே கருதுகிறேன்.

நம் சைவ சித்தாந்தத்தைப் பொறுத்தவரை, முத்தியிலும் உயிர் இல்லாமற்போவதில்லை. இறைவனோடு ஒன்றாகிவிடாமலும் இரண்டாகப் பிரியாமலும் நிற்கிறது. 'நான்' என்னும் முனைப்புக்கு வேரான ஆணவ மலம் அங்கே அழிவதில்லை. அதன் ஆற்றல் ஒடுங்குகிறது. ஆறு மணி நேரம் 'நான்' மறைந்திருந்து மறுநாள் முழு வலுவோடு திரும்புவதைச் சித்தாந்தி ஒருவர் முத்தி என்று சொல்லமாட்டார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிமுறை வைக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே. சித்தர் பாடல்களைத் துணைக்கு அழைக்கும் அந்தப் பிள்ளை, அவர்கள் மூச்சையும் உணவையும் ஒழுக்கத்தையும் பற்றி எவ்வளவு பாடினார்கள் என்பதையும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ரெதுயி உளவியல் மாணவர் எழுதியது:

அக்கா சொன்ன திறனாய்வை ஏற்கிறேன். 2021-இல் ஆய்வாளர்கள் இருவர், இத்துறை 'மறைஞானம்' என்னும் சட்டகத்தையே விட்டு வெளியேற வேண்டும் என்று எழுதியது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எதிர்பார்ப்பின் வலிமைக்கு ஒரு சான்றையும் சேர்க்கிறேன்: 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், இசையும் வண்ண விளக்குகளும் நிறைந்த கூடத்தில் 33 பேருக்கு வெற்று மாத்திரையை மருந்து என்று சொல்லிக் கொடுத்தார்கள்; மருந்து வேலை செய்வதுபோல நடிப்பவர்கள் சிலரும் இடையில் இருந்தனர். பங்கேற்றவர்களுள் 61 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகக் கூறினர்.

கார்த் போர்ன் அண்ணாவின் அனுபவம் ஆய்வுலகில் இடம்பெறாமல் இல்லை. திமித்ரிஸ் சிகலாத்தாஸ் என்னும் மானிடவியலறிஞரும் அவருடைய குழுவினரும் நம் தீவின் தைப்பூசக் காவடியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்கு மிகுதியாகக் கொடுத்தார்கள். அலகு குத்தாமல் உடன் நடந்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நோயாலோ வறுமையாலோ வாடுபவர்களே கடுமையான நேர்த்தியை மிகுதியாக மேற்கொள்வதும், அதன்பின் தம் உள்ளநலம் மேம்பட்டதாக அவர்கள் உணர்வதும் பதிவாயின. உடன் நடப்பவர்களையும் அது தொடுகிறது என்பதே எனக்கு இவற்றுள் முதன்மையாகப் படுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தனியே படுத்திருக்கும் ஆய்வறையில் இதற்கு இடமில்லை.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் எழுதியது:

எல்லாரும் அனுபவத்தின் பொருளைப் பேசுகிறீர்கள். நான் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆசிரியை அம்மா, அவனுக்கு வயது என்ன? அந்நாளுக்குப் பின் ஒழுங்காக உறங்குகிறானா? மீண்டும் உட்கொள்ளப் போவதாகச் சொல்கிறானா? பெற்றோர் வழியில் யாருக்கேனும் மனச்சிதைவோ, பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறோ இருந்ததுண்டா? பொதுவெளியில் எழுத விரும்பாவிட்டால் தனிமடலில் எழுதுங்கள்.

ரோஸ்ஹில் தமிழாசிரியை எழுதியது:

இங்கேயே எழுதுகிறேன் அம்மா. வேறு வீட்டாருக்கும் பயன்படலாம். அவனுக்கு இருபத்தொரு வயது. நன்றாக உறங்குவதாகத்தான் சொல்கிறான். விடுமுறையில் இன்னும் கூடுதலான அளவில் எடுத்துக்கொண்டு, இம்முறை தனியே இருந்து பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறான். என் தம்பிக்கு, அதாவது அவனுடைய தாய்மாமனுக்கு, இருபத்து மூன்று வயதில் இருதுருவக் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இன்றும் மருந்து எடுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளைக்கு மாமாவின் நோய் இன்னதென்று தெரியுமா என்பதே எனக்கு ஐயம்தான்.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் எழுதியது:

அப்படியானால் அவன் இதை மறுபடி உட்கொள்ளவே கூடாது. இதை ஒழுக்க அறிவுரையாகச் சொல்லவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறைகளே, பெற்றோர், உடன்பிறந்தார் மட்டுமன்றி, மாமன், அத்தை, பாட்டன், பாட்டி போன்ற இரண்டாம்நிலை உறவினருக்கு மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ இருந்தாலும் அவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்கின்றன. மேலே நீங்கள் பேசிய அழகான முடிவுகள் எல்லாம், உங்கள் பிள்ளையைப் போன்றவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு எடுக்கப்பட்டவை. அவனுக்கு அது என்ன செய்யும் என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா. இந்நோய்கள் முதன்முதலில் தலைகாட்டும் வயதிலேயே அவன் இருக்கிறான். முதல் முறை நன்றாக முடிந்தது என்பதும் அடுத்த முறைக்குப் பிணையாகாது. கூடுதல் அளவு, தனிமை இரண்டும் சேர்ந்தால் இடர் மிகும்.

அவனிடம் பேசும்போது அவன் கண்டது பொய் என்று தொடங்காதீர்கள். கண்டதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டபின் மாமாவின் நோயைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். நம் குடும்பங்கள் இதை மூடி மறைப்பதால் பிள்ளைகள் தம் ஆபத்தை அறியாமலே வளர்கிறார்கள். நான் பணியில் இருந்த காலமெல்லாம் இதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். உறக்கம் குறைந்தும் களைப்பு இல்லாமை, தனக்கு மட்டும் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டிருப்பதாகப் பேசுதல், பேச்சு வேகமெடுத்தல், நண்பர்கள்மேல் காரணமற்ற ஐயம், கண்ட காட்சிகள் நாள் கழிந்தும் கண்முன் நிற்றல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், காத்திராமல் அவனுடைய பல்கலைக்கழக மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தம்பி எடுத்துக்கொள்வது இருதுருவக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியமாக இருந்தால், விடுமுறைக்கு வரும் பிள்ளை இப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. லித்தியம் எடுப்பவர்கள் இதை உட்கொண்டு வலிப்புக்கு ஆளான செய்திகள் பல பதிவாகியுள்ளன. அதைக் கொண்டுவருவது இந்நாட்டில் குற்றம் என்பதையும் அவனுக்கு நினைவூட்டுங்கள். முதலில் உங்கள் தங்கையோடு பேசி, இருவரும் சேர்ந்து இந்த வாரமே அவனைத் தொலைபேசியில் அழையுங்கள். அழைத்தபின் எனக்கு எழுதுங்கள்; அவனே என்னோடு பேச விரும்பினாலும் நான் காத்திருக்கிறேன்.